பழைய ரோட்டவேட்டரைச் சோதிப்பது எப்படி? வாங்கிய பின் பராமரிப்பது எப்படி?

டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் இயந்திரம்தான் ரோட்டவேட்டர். பழையதைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது கத்தியைத்தான். கத்தி புதிதாக இருந்துவிட்டால் மனசு பாதி சம்மதித்துவிடும். இது விற்பவருக்கும் தெரியும் என்பதால், புதுக் கத்தி மாட்டி, மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். உண்மையில் கத்தி தேய்வதற்கென்றே இருக்கும் பொருள். அதை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பணத்தைத் தின்பது கியர் பாக்ஸும், ரோட்டார் (கத்திகள் மாட்டிய சுழலும் குழாய்) பேரிங்கும், டிராக்டரின் சுழற்சியை இயந்திரத்துக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டும்தான். அதனால் இந்த விளக்கத்தில் கத்தியைக் கடைசியில்தான் பார்க்கப் போகிறோம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். அடியில் கை வைக்கும் எந்த வேலைக்கும் டிராக்டர் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய ரோட்டவேட்டரின் கீழே கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. உள்ளே ஒரு சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) விட்டுக்கொடுத்தாலும், யாராவது தெரியாமல் லீவரைத் தொட்டாலும் மொத்த எடையும் இறங்கிவிடும்.

முதல் படி: உங்கள் டிராக்டருக்குப் பொருந்துமா?

அகலத்தை அளந்து பாருங்கள். அடிக்கு ஏறத்தாழ 7 முதல் 8 குதிரைத்திறன் என்று கணக்கு வைத்தால் பெரிய தப்பு வராது. 5 அடி இயந்திரத்துக்கு 35 முதல் 40 குதிரைத்திறன் வேண்டும். கடினமான மண் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. அகலம் பின்சக்கரத் தடத்தை மூடுகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான ரோட்டவேட்டர்கள் 540 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 540 சுற்று) பி.டி.ஓ.வுக்குச் செய்யப்பட்டவை. உங்கள் டிராக்டரில் 1000 ஆர்.பி.எம். தேர்வும் இருந்தால், இயந்திரத்தின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கியர் பாக்ஸ்

இங்கே அவசரப்படாதீர்கள். இயந்திரம் சில மணி நேரம் ஓடாமல் நின்றிருந்தால் நல்லது. கீழே உள்ள வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு சுத்தமான டப்பாவில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். இருந்தால் அதுதான் முதலில் வரும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். விரலில் தேய்த்துப் பாருங்கள். மிக மெல்லிய சாம்பல் பொடி பழைய கியரில் வரத்தான் செய்யும். நகத்தில் உறுத்தும் இரும்புத் துணுக்கு வந்தால் பல் உடைந்திருக்கலாம், பேரிங் உரிந்திருக்கலாம். மேலே அழுக்கு மண்டிக் கிடக்கும் இயந்திரத்தின் உள்ளே மட்டும் ஆயில் பளிச்சென்று புதிதாக இருந்தால் ‘எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்’ என்று கேளுங்கள். சத்தத்தை மறைக்க, ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைத்து வைப்பதும் உண்டு.

அடுத்து, பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, கியர் பாக்ஸின் முன்தண்டைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். ரோட்டார் அசையத் தொடங்கும் முன் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. ஆனால் தண்டு நிறையத் திரும்பி, ‘டொக்’ என்று அடித்த பிறகுதான் ரோட்டார் நகர்கிறது என்றால் கியர் தேய்ந்திருக்கிறது. தண்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் முன் பேரிங் போயிருக்கிறது, கூடவே சீலும் போயிருக்கும்.

பக்கவாட்டுப் பெட்டிக்குள் சில இயந்திரங்களில் செயின் இருக்கும், சிலவற்றில் கியர். அதன் அடிப்பகுதி மண்ணில் உரசியே தேயும். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால், தகடு மெலிந்த இடத்தில் சத்தம் மாறும். ஒட்டு வைத்த வெல்டிங் இருந்தால், அதைச் சுற்றி ஆயில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ரோட்டார்

கடப்பாரையை ரோட்டார் குழாயின் கீழ் கொடுத்து நெம்புங்கள், முதலில் பக்கவாட்டுப் பெட்டி இல்லாத பக்கத்தில். அந்தப் பக்கத்து பேரிங்தான் பெரும்பாலும் முதலில் சாகும். காரணம் எளிது: பிளாஸ்டிக் கயிறு, வைக்கோல், வேர் எல்லாம் ரோட்டாரின் ஓரங்களில் சுற்றிக்கொண்டு, சீலின் உதட்டை அறுத்துவிடும். அதன் வழியே சேறு உள்ளே போகும். சுற்றியிருப்பதை வெட்டி எடுத்துவிட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கே தயங்குபவரிடம் வாங்க நான் அவ்வளவு ஆசைப்பட மாட்டேன்.

ரோட்டார் நெளிந்திருக்கிறதா என்று பார்க்க கருவி எதுவும் தேவையில்லை. ஒரு குச்சியை சட்டத்தில் கட்டி, அதன் முனை குழாயை உரசாமல் உரசுகிற அளவில் நிறுத்துங்கள். ரோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. அப்படியே கத்தி மாட்டும் வட்டத் தகடுகளின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நான்காம் படி: சட்டமும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டும்

டாப் லிங்க் மாட்டும் இடத்திலும், இரண்டு கீழ்க் கைகள் மாட்டும் இடங்களிலும் பின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் இயந்திரம் நிறைய உழைத்திருக்கிறது. மற்ற இடங்களில் பழைய பெயின்ட்டும் ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட்டும் இருந்தால் அந்த மூலையைச் சுரண்டிப் பாருங்கள்.

ஷாஃப்ட்டில் கிராஸ் (மடங்கும் மூட்டு) நான்கு திசையிலும் ஆடாமல் தாராளமாக மடங்க வேண்டும். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று தடையின்றிச் சறுக்க வேண்டும். இரண்டு குழாய்களின் முனையில் உள்ள கவைகளும் (கிராஸைப் பிடித்திருக்கும் பிளவு முனைகள்) ஒரே தளத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். யாராவது கழற்றிக் கோணலாக மாட்டியிருந்தால் ஓடும்போது அதிரும். நீளம் இதைவிட முக்கியம். உங்கள் டிராக்டரில் மாட்டி, மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். குழாய்கள் மிக அதிகமாக உள்ளே போகும் நிலையிலும் முட்டக் கூடாது, சில செ.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். மிக அதிகமாக வெளியே வரும் நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கே அடிவாங்கும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதிது வாங்கி மாட்டாமல் ஓட்டாதீர்கள். தொங்கும் ஒரு துணி நுனி சிக்கினாலும் ஆளையே இழுத்துவிடும்.

பாதுகாப்புக்கு, சுமை மீறினால் தானே உடையும் ஷியர் போல்ட்டோ, நழுவும் ஸ்லிப் கிளட்ச்சோ இருக்கும். ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில் முறுக்கு வலிமை கூடிய வேறு போல்ட் போட்டிருக்கிறார்களா பாருங்கள். உடைய வேண்டிய போல்ட் உடையாவிட்டால் கியர்தான் உடையும்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்ப்பது

தரையிலிருந்து சற்றே தூக்கி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, குறைந்த வேகத்தில் பி.டி.ஓ.வைச் சேருங்கள். பின்னால் யாரும் நிற்க வேண்டாம், கத்தி கல்லை வீசும். சத்தம் சீராக இருந்தால் மெல்ல வேகம் கூட்டிப் பத்து பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். அணைத்து, ரோட்டார் முழுதாக நின்ற பிறகு, புறங்கையை ஒவ்வொரு பேரிங் பக்கமாகக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஒரு முனை மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே கோளாறு.

கடைசியில் கத்தி

அகலம் பாதியாகத் தேய்ந்த கத்தியை மாற்றிவிடலாம். எல் வடிவக் கத்திகளில் இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. ரோட்டாரைச் சுற்றிச் சுருள் வரிசையில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிக் குவித்தால் வரிசை மறந்துபோகும். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் அதே பக்கத்துப் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கூர் விளிம்புதான் மண்ணில் முதலில் பட வேண்டும். புதிதும் பழையதும் கலந்தால் எடை சமன்பாடு கெட்டு அதிரும், அதனால் கத்திகளை முழு செட்டாக மாற்றுவதே மேல். போல்ட், நட், வாஷர் மூன்றும் புதிதாக, சரியான வலிமை உள்ளதாக இருக்கட்டும். ஓரிரு மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்குங்கள். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. கத்தி கழன்று தொலைவது அதனால்தான்.

வாங்கியாச்சு, அப்புறம்?

விற்றவர் என்ன சொன்னாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான கியர் பெட்டிகளுக்கு 90 கிரேடு கியர் ஆயில், சிலவற்றுக்கு 140. கையேட்டில் உள்ளதே சரி. பக்கவாட்டுப் பெட்டிக்குத் தனி ஆயில் என்பதை மறக்க வேண்டாம். மேலே இருக்கும் காற்றுத் துளை மூடி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அடைத்துக் கிடந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். சீல் போய்விட்டது என்று நினைத்துச் செலவழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஓட்டும் நாட்களில், எட்டு முதல் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை கிராஸுக்கும் ரோட்டார் பேரிங்குக்கும் கிரீஸ், தினமும் கத்தி நட்டுகளில் ஒரு ஸ்பேனர், மாலையில் சுற்றிய கயிறு, வேர் நீக்கம். இவ்வளவு போதும். திரும்பும்போது ரோட்டாரை மண்ணிலிருந்து தூக்கிவிட்டுத் திரும்புங்கள். கத்தி மண்ணில் இருக்கப் பின்னால் எடுக்கவும் கூடாது. அதிக உயரம் தூக்க வேண்டியிருந்தால் பி.டி.ஓ.வை முதலில் நிறுத்துங்கள்; கிராஸ் அதிகக் கோணத்தில் ஓடினால் சீக்கிரம் போய்விடும்.

சீசன் முடிந்ததும் கழுவிக் காயவைத்து, கத்திகளுக்கு ஆயில் தடவி, பலகை மேல் நிழலில் இறக்கி வையுங்கள். கழுவும்போது தண்ணீரை சீலுக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம். ஷாஃப்ட்டின் இரு பாதிகளையும் பிரித்து, துடைத்து, கிரீஸ் பூசி மீண்டும் சேருங்கள். ஸ்லிப் கிளட்ச் இருந்தால், அடுத்த சீசனுக்கு மாட்டுவதற்கு முன் அதன் ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி ஒருமுறை நழுவவிட்டு, பழைய நீளத்துக்கே முறுக்கிவிடுங்கள். துருவில் ஒட்டிக்கொண்ட கிளட்ச் கல்லில் அடிபடும்போது நழுவாது.