மலையகத்தில் ஓர் அரிய குடும்பப் பெயரின் மூலத்தையும் எண்ணிக்கையையும் கண்டறியும் முறை

கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதுதான் இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி முதன்முதலாக எழுகிறது. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது? தகப்பனின் பெயரை எழுதிவிட்டு வந்த பிறகு, வேறு எந்தத் தோட்டத்திலும் கேள்விப்படாத பெயராக அது இருந்தால், அது எந்த ஊரிலிருந்து வந்தது, அதைத் தாங்கியவர்கள் இன்று எத்தனை பேர் என்ற ஆவல் பிறக்கிறது. இந்த ஆவலோடு வந்த பலருக்கு உதவியிருக்கிறேன். என் தாய்வழியில் வழங்கிய ஒரு பெயருக்காக நானும் சில ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். அந்தப் பெயர் ஒண்டிமுத்து. விளக்கத்திற்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

தேடத் தொடங்குமுன் கையிலிருப்பது எத்தகைய பெயர் என்று தீர்மானிக்க வேண்டும். தமிழர்களிடம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. தகப்பன் பெயர் முன்னே நிற்க, பிள்ளை பெயர் பின்னே வரும். அடுத்த தலைமுறையில் அந்தப் பிள்ளையின் பெயர் முன்னே போய்விடும், பாட்டன் பெயர் உதிர்ந்துவிடும். ஆகவே இன்று ஒரு குடும்பத்தின் கடைசிப் பெயராக நிலைத்திருப்பது, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு படிவத்தில் உறைந்துபோன ஒரு தனி மனிதரின் பெயராக இருக்கலாம். அப்படியானால் அதன் வயது இருநூறு ஆண்டுகள் அல்ல, அறுபதோ எழுபதோ ஆண்டுகள்தான். வேறு சில பெயர்கள் பட்டங்கள். தொண்டமான் என்பது அத்தகையது. புதுக்கோட்டையை ஆண்ட அரச மரபு தொண்டைமான் என்று எழுதியதை இலங்கையில் தொண்டமான் என்று எழுதுகிறோம். சங்க இலக்கியத்தில் தொண்டைமான் இளந்திரையன் வருகிறான். ஒரே பட்டத்தைத் தாங்கியவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தார் என்று கொள்வது இவ்வகைப் பெயர்களில் நேரும் முதல் தவறு. ஊர்ப் பெயரும், தொழிற்பெயரும், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வந்து மேற்பார்த்த கங்காணியின் பெயரும் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராவதும் உண்டு. பெரிய கங்காணி ஒருவரின் கீழ் வந்தவர்கள் அவருடைய ஆட்கள் என்றே அறியப்பட்டதால், இரத்த உறவு இல்லாதவர்களும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டிருக்கிறார்கள்.

வகை தெரிந்ததும் பெயரை அதன் ஒலிக்கு மீட்டெடுக்க வேண்டும். என் அனுபவத்தில் முழுத் தேடலிலும் அதிகப் பலன் தருவது இந்த வேலைதான். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த மூன்று தாள்களில் ஒண்டிமுத்து மூன்று விதமாக இருந்தார். ஊழியர் சேமலாப நிதி அட்டையில் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கி ‘வொண்டிமுத்து’ ஆகியிருந்தார். ஒரு மரணப் பதிவில் ‘ஒந்திமுத்து’ என்று படிக்கும்படி இருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மட்டும் பெயர் சரியாக இருந்தது. இதில் வியப்பில்லை. தமிழ் எழுத்தில் ‘ட’வின் வல்லொலியும் மெல்லொலியும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் ‘ட’வுக்கும் ‘த’வுக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிடுவார்கள். சிங்களத்திலோ இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு, ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் உண்டு. எழுதியவர் காதால் கேட்டு எழுதியிருந்தால், பெயர் எப்படி உச்சரிக்கப்பட்டது என்பதற்குச் சிங்களப் பதிவே நல்ல சாட்சி. பழைய சிங்களப் பத்திரங்களை வாசிக்கத் தெரியாது என்று ஒதுக்கிவிடாமல், தெரிந்த ஒருவரிடம் எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு ஒரு தாளில் கிடைக்கக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும் மும்மொழியிலும் எழுதிவைக்க வேண்டும். ‘முத்து’ என்ற பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு ‘டி’ போட்டும், ‘டி’யோடு ‘ஹெச்’ சேர்த்தும் நம் நாட்டில் எழுதுகிறார்கள். முன்பகுதிக்கும் இப்படி இரண்டு மூன்று வடிவங்கள் சேரும்போது, ஒரு பெயர் பத்துக்கு மேற்பட்ட பெயர்களாகப் பதிவுகளில் சிதறிக் கிடக்கும். அரிதான பெயர் என்று நாம் நினைப்பவற்றுள் சில, பரவலான ஒரு பெயரை ஒரு கிளாக்கர் பிழையாக எழுதியதால் மட்டுமே அரிதானவை.

அடுத்தது ஆவணங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை எழுதுவதற்கான கட்டமும், தகப்பன் இலங்கையில் பிறவாதவராயின் பூட்டனார் பற்றிய கட்டமும் அதில் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிடத்தைக் குடியுரிமைக்கு ஆதாரமாகக் கேட்டதை நினைத்துக்கொண்டால் அந்தக் கட்டங்களின் நோக்கம் புரியும். நம் மக்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கிய அந்தச் சட்டத்தின் நிழலில் எழுதப்பட்ட கட்டமே இன்று பாட்டனின் பெயரைத் தேடித் தருகிறது. அதில் வெறும் கோடு போடப்பட்டிருந்தாலும் அதுவும் ஒரு தகவல்தான். பாட்டன் கடல் கடந்து வந்தவராகவோ, இங்கே பிறந்ததற்குச் சான்று காட்ட முடியாதவராகவோ இருந்திருப்பார்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 1951 ஓகஸ்ட் வரை ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் அடங்கியவர்கள் சுமார் 825,000 பேர். திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் திருமணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிறுவ வேண்டியிருந்ததால், எந்தத் தோட்டத்தில் எப்போது இருந்தார்கள் என்ற விவரம் அந்த விண்ணப்பங்களோடு சேர்ந்தது. அந்தக் கோப்பின் நகலோ, நிராகரிப்புக் கடிதமோ, பழைய இந்தியக் கடவுச்சீட்டோ வீட்டில் இருந்தால், அதைத் தேடலின் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டில் கிராமத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளரின் வேலை நாளும் சம்பளமும் பதிந்த இடாப்பை, பார்க்க முடிந்தால் பார்க்கலாம். 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது பழைய இடாப்புகள் பல கைமாறின, பல அழிந்தன. ஆகவே பெரிய எதிர்பார்ப்போடு போக வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு இதைவிட நம்பகமானது.

தாள்கள் முடிந்த இடத்தில் மனிதர்கள் தொடங்குகிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், மூத்தவர் எவர் இருக்கிறாரோ அவரிடம் போய் உட்கார வேண்டும். வீட்டுப் பெண்களைக் கேட்பதே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் மனைவி கணவன் பெயரையும், மருமகள் மாமனார் பெயரையும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் முதியவர்களிடம் இன்னும் இருப்பதை மனத்தில் கொள்ள வேண்டும். என் அம்மாயியிடம் பெயரை நேரே கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். “ஒத்தையா நிக்கிற சாமி பேருதாண்டா” என்று மட்டும் சொன்னார். கிளாக்கர் ஐயா வந்து பெயர் கேட்டபோதும் இப்படித்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டவர் தனக்குத் தோன்றியதை எழுதியிருப்பார்.

அம்மாயி சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. ஒண்டி என்றால் தனித்திருப்பது. திருச்சிராப்பள்ளிப் பக்கம் ஒண்டிக்கருப்பு என்று தனித்து நிற்கும் காவல் தெய்வத்தை வணங்குகிறார்கள். மலையகத்துக்கு ஆட்கள் பெருமளவில் வந்த பகுதிகளில் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகியவை முக்கியமானவை. ஆகவே சாமி பெயரில் அமைந்த அரிய பெயர் எதுவானாலும், குலதெய்வம் எது, அதற்கு எந்த ஊரில் பொங்கல் வைத்தார்கள் என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும். குலதெய்வம் ஒத்துப்போவது உறுதியான சான்று ஆகாது, தேட வேண்டிய திசையைக் காட்டும் அறிகுறிதான். சாதியைக் கேட்டுத் தொடங்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அது பலருக்குக் காயம், பேச்சும் அத்தோடு நின்றுவிடும். குலதெய்வத்தைக் கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள்.

அதோடு கேட்க வேண்டியவை: எந்தக் கங்காணியோடு வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முந்திய தலைமுறைகளில் பலர் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்கள். இலங்கைக்குப் போவோரைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாமைப் பற்றிய நினைவு குடும்பத்தில் இருந்தால் வருகை பிந்திய காலத்தது என்று கொள்ளலாம். கழுத்தில் கட்டிவந்த தகரச் சீட்டு பெட்டியில் கிடந்தால் அதை விளக்கித் துடைக்காமல் அப்படியே படமெடுக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அந்தச் சீட்டில் ஆளின் பெயர் இராது, போய்ச் சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் இருக்கும்.

இனி எண்ணிக்கை. இலங்கையில் 1871 முதல் குடிசன மதிப்பீடு நடக்கிறது. அதன் அறிக்கைகள் இனம், மதம், மாவட்டம் என்று தொகையைத் தருமே தவிர, பெயர்வாரியான தொகையைத் தருவதில்லை. ஆகையால் ‘இந்தப் பெயருடையவர்கள் இத்தனை பேர்’ என்று ஓர் இணையத்தளம் காட்டும் இலக்கத்தை அரசாங்கக் கணக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அவை வேறு வேறு மூலங்களிலிருந்து பெருக்கிக் கணித்த மதிப்பீடுகள். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராகவே எண்ணுவதால், நம் பெயர்கள் அங்கே துண்டு துண்டாகிவிடுகின்றன. எழுத்துக்கூட்டல் தாளை வைத்துக்கொண்டு எல்லா வடிவங்களையும் கூட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம்.

நம்பத் தக்க வழி வாக்காளர் இடாப்பு. திருத்தத்துக்காகப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில், கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ அதைப் பார்க்கலாம். குடும்பம் பரவியிருக்கும் டிவிசன்களை (தோட்டப் பிரிவுகளை) முதலில் குறித்துக்கொண்டு, அந்தப் பிரிவுகளின் பட்டியல்களை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் இல்லை. பெரிய இனத்தொகைக்குச் சிறுவர் விகிதத்தை வைத்துக் கணிக்கலாம், ஆனால் முப்பது நாற்பது பேருடைய பெயருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வீட்டுக்கு வீடு கேட்டு எண்ணுவதே சரி. கொழும்பில் கடை வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களையும் அந்த வீடுகளிலேயே விசாரிக்கலாம்.

எண்ணும்போது மூன்று தொகைகளை மூன்று பத்திகளில் தனித்தனியே எழுத வேண்டும். ஆவணத்தில் அந்தப் பெயரைக் கடைசிப் பெயராகவோ முதலெழுத்தாகவோ கொண்டவர்கள் ஒரு தொகை. அதையே தம் சொந்தப் பெயராகக் கொண்டவர்கள் இன்னொரு தொகை. அந்தப் பெயருடைய மூதாதையின் வழிவந்தவர்கள் மூன்றாவது தொகை. திருமணத்துக்குப் பின் கணவன் பெயரை ஏற்கும் மகள்மார் முதல் தொகையிலிருந்து விழுந்துவிடுவார்கள், மூன்றாவதில் இருப்பார்கள். இந்த மூன்றையும் கலந்ததாலேயே ‘எங்கள் பெயர் அழிந்துகொண்டிருக்கிறது’ என்ற வருத்தம் பல வீடுகளில் வந்திருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். ஆகவே ஒரு தலைமுறையில் காணாமற்போன பெயர் அடுத்ததில் திரும்பி வரக்கூடும். இரண்டாவது தொகையைத் தலைமுறைவாரியாகப் பிரித்து எழுதினால் அந்தத் திரும்புதல் கண்ணுக்குத் தெரியும்.

எண்ணிக்கை இந்தத் தீவோடு முடிவதில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றிப் பேசியது. அவர்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்றும் முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியவர்களை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரசையாகவும் தம்பி இலங்கைப் பிரசையாகவும் பிரிந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே இங்கே எட்டுப் பேர் தாங்கும் ஒரு பெயரை நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளில், அதைவிடப் பலர் தாங்கியிருக்கலாம். அங்குள்ள உறவினர் ஒருவரின் மூலம் அதே மூன்று பத்திகளை நிரப்பி வாங்க வேண்டும்.

விகிதம் கணிக்க விரும்புவோர் எந்த ஆண்டின் மொத்தத் தொகையால் வகுக்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். இந்தியத் தமிழர் என்ற பிரிவு 1911ஆம் ஆண்டின் மதிப்பீட்டில்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. 1971இல் ஏறத்தாழ 1,175,000 ஆக இருந்த தொகை 1981இல் 818,656 ஆகக் குறைந்தது. 2012இல் அது 839,504. இந்த வீழ்ச்சிக்குத் தாயகம் திரும்பியது ஒரு காரணம், மலையகத்தார் பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்தது இன்னொரு காரணம். ஆகவே ஒரு பெயரின் விகிதம் கூடியதுபோலத் தோன்றினால், பெயர் பெருகியதா, வகுக்கும் எண் சுருங்கியதா என்று பார்த்தே எழுத வேண்டும்.

கண்டறிந்ததை எழுதிவைக்கும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தாளில் இருந்தது, எந்தத் திகதியில் பார்த்தது என்று குறிக்க வேண்டும். ‘ஒண்டிமுத்து: திருச்சிராப்பள்ளிப் பக்கமாக இருக்கலாம், அம்மாயி சொன்ன சாமி பெயரை வைத்து’ என்றே என் குறிப்பேட்டில் இருக்கிறது. கிராமத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.