அறிவிப்புக்கு எண் போடுங்கள்: நீலகிரி நிறுவனங்களுக்கான மக்கள் தொடர்பு செய்முறை

பத்திரிகைக் குறிப்பு, வாடிக்கையாளர் கடிதம், இன்ஸ்டாகிராம் வாசகம் எல்லாவற்றையும் ஏஐ அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறது. அதே ஏஐயை வைத்து உங்கள் தேயிலைத் தொழிற்சாலை மேனேஜரின் குரலில் "நாளையிலிருந்து விவசாயிகளிடம் இலை எடுக்க மாட்டோம்" என்று ஓர் ஆடியோவை யார் வேண்டுமானாலும் தயாரித்து விடலாம். எழுதுவது எளிதாகிவிட்டது. நாம் சொன்னது எது, சொல்லாதது எது என்று ஊர் நம்பும்படி காட்டுவதுதான் இனி மக்கள் தொடர்பில் பெரிய வேலை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரத்தில் தொழிற்சாலை, எஸ்டேட், ரிசார்ட், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் அதற்கு என்னென்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்று பார்ப்போம். தனியாக பிஆர் ஆள் வைக்க முடியாதவர்களும் இதைச் செய்யலாம்.

முதலில் ஒரு பக்க உண்மைத் தாள்

நிறுவனத்தின் பதிவுப் பெயர், உரிம எண்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்தச் சாலை வழியாக வர வேண்டும், அந்தச் சாலை அடைபட்டால் மாற்று வழி எது, நிறுவனம் சார்பில் பேச அதிகாரம் உள்ள இருவர் யார் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மாதம் ஒன்றாம் தேதி அதைத் திருத்துங்கள். மேலே "1 ஜூன், காலை 9.00 நிலவரம்" என்று ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

இந்தப் பக்கம் உங்கள் இணையதளத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். போஸ்டர் படமாக ஏற்றினால் பாதிப் பயன் போய்விடும். "இப்ப ஊட்டி போகலாமா, இ-பாஸ் வேணுமா?" என்று ஜனங்கள் சாட்ஜிபிடியிடமும் ஜெமினியிடமும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவை படிக்கத் தோதான பக்கங்களிலிருந்து பதிலை எடுக்கின்றன. அலங்கார எழுத்துருவில் தமிழ் அடித்த படத்தைத் தப்பாகப் படிக்கும், அல்லது விட்டுவிடும். உங்கள் புதிய தகவல் படத்துக்குள் கிடந்தால், மூன்று வருடம் முந்தைய யாரோ ஒருவரின் பயணக் குறிப்பு பதிலாகப் போய்ச் சேரும்.

மலைக்கு வரும் வாகனங்களுக்கான இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 அன்று நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்தக் கோடைக்கு நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. ஒரு ரிசார்ட்டின் பக்கத்தில் "ஜூன் 30 வரை மட்டும்" என்ற பழைய வரி அப்படியே கிடந்தால், அதை நம்பி வந்த குடும்பம் குழந்தைகளோடு கல்லாறு சோதனைச் சாவடியில் நிற்கும். அவர்கள் விமர்சனம் எழுதும்போது உத்தரவைத் திட்ட மாட்டார்கள், உங்களைத்தான் திட்டுவார்கள்.

மாதம் ஒரு முறை ஐந்து கேள்விகளை மூன்று ஏஐ சேவைகளில் போட்டுப் பாருங்கள். தமிழில் ஒரு தடவை, தங்கிலீஷில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. தப்பான பதில் வந்தால் அது எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் கூகுள் வணிகப் பக்கமாகவோ முன்பதிவுத் தளத்தில் நீங்களே முன்பு கொடுத்து மறந்துபோன விவரமாகவோ இருக்கும்.

செய்தி கடைசி லைன் வீடு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரை போக

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். இது தெரியாமல் "அனுப்பிவிட்டோமே" என்று இருந்துவிடுகிறார்கள். சிறு விவசாயி முதன்முறை இலை கொண்டுவரும் அன்றே, எடை போடும் இடத்திலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கும் வாட்ஸ்அப் சேனலுக்கு இந்தத் தொல்லை இல்லை. சேருபவரின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியாது. சேனலின் க்யூஆர் குறியை எடை ரசீதின் பின்புறத்திலும் வரவேற்பறை மேஜையிலும் அச்சிட்டு வையுங்கள்.

மழை நாளில் டேட்டா கிடைக்காத பள்ளத்தாக்குகள் இங்கே நிறைய. எஸ்எம்எஸ் அங்கும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஆனால் நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் வாசக மாதிரியையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதியாத வாசகம் பாதியிலேயே தடுக்கப்படும். சாலை அடைப்பு, விபத்து, வேலை நிறுத்தி வைப்பு, போலிச் செய்தி மறுப்பு என்று நான்கு மாதிரிகளை, இடமும் நேரமும் மாறும்படி இடைவெளி விட்டு, பருவமழைக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

இதற்கு மேல் ஆள் வழி. இலை லாரி ஓட்டுநர், மேஸ்திரி, ஹட்டியில் (படுகர் ஊரில்) மூத்தவர் ஒருவர் என்று பத்துப் பேர் பட்டியல் காகிதத்தில், ஆபீஸ் சுவரில் இருக்கட்டும். மாவட்ட அவசர எண் 1077 அதே தாளில் முதல் வரியாக வரட்டும்.

மொழியில் கஞ்சத்தனம் வேண்டாம். தமிழோடு படுகுவிலும், கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளத்திலும் பேசி ஆடியோ அனுப்பினால் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் குரலை இப்போது போலி செய்ய முடியும் என்பதால் ஒரு கட்டுப்பாடு தேவை: எந்த ஆடியோவும் தனியாகப் போகக் கூடாது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் வரிசை எண் உண்டு, அதே எண்ணில் எழுத்து வடிவம் சேனலில் இருக்கும். 14-ஆவது அறிவிப்புக்குப் பிறகு எண் இல்லாமலோ 19 என்ற எண்ணிலோ ஒன்று வந்தால் அது போலி என்று விவசாயியே சொல்லிவிடுவார். இதற்குக் காசு செலவே இல்லை. வருடம் முழுக்க, இலை விலை சொல்லும் சாதாரண நாளிலும் விடாமல் எண் போட்டால்தான் பலிக்கும். நெருக்கடி அன்று புதிதாகத் தொடங்கினால் அந்த எண்ணையே சந்தேகப்படுவார்கள்.

முதல் ஒரு மணி நேரம்

சம்பவம் தெரிந்து 45 நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு போக வேண்டும். மாதிரி:

"அறிவிப்பு 14. காலை 7.40. எங்கள் தொழிற்சாலையில் டிரையர் பகுதியில் 6.55-க்குத் தீப்பிடித்தது. 7.20-க்குத் தீயணைப்புத் துறையினர் அணைத்துவிட்டார்கள். ஷிப்டில் இருந்த 11 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்குக் கையில் தீக்காயம், மருத்துவமனையில் இருக்கிறார், குடும்பத்துக்குத் தெரிவித்துவிட்டோம். காரணம் இன்னும் தெரியவில்லை. இன்று இலை எடுப்பது நிறுத்தம். அடுத்த அறிவிப்பு 9.00 மணிக்கு."

இதில் "சிறு தீ விபத்து" என்று எழுதவில்லை, கவனியுங்கள். சிறிதா பெரிதா என்று முடிவு செய்ய 7.40-க்கு யாராலும் முடியாது. பிறகு பெரிதாகத் தெரிந்தால் மறைத்தீர்கள் என்றாகிவிடும். காயம்பட்டவர் பெயர் இல்லை. காரணம் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறது. கடைசி வரிதான் உயிர்: 9.00 மணிக்குச் சொல்லப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் "அறிவிப்பு 15. புதிய தகவல் இல்லை. அடுத்தது 11.00 மணிக்கு" என்று அனுப்பியே ஆக வேண்டும். 9.20 வரை மௌனமாக இருந்தால் அந்த இருபது நிமிடத்தில் வேறு யாரோ காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஒரு மணி நேரத்தில் ஏஐயிடம் வரைவு கேட்க வேண்டாம். தகவல் குறைவாக இருக்கும்போது அது இடைவெளியைத் தானே நிரப்பும். "மின்கசிவு காரணமாக" என்று நீங்கள் சொல்லாததைச் சேர்க்கும், அவசரத்தில் கண்ணில் படாது. பிறகு மொழிபெயர்க்க ஏஐயைப் பயன்படுத்தினாலும், படுகு, மலையாள வடிவங்களை அந்த மொழி பேசும் ஒருவர் படித்துப் பார்த்த பின்பே அனுப்புங்கள். தொழிலாளர் பெயர், முகவரி, மருத்துவ விவரம் எதையும் பொது ஏஐ சேவையில் ஒட்டாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பொறுப்பை உங்கள் தலையில்தான் வைக்கிறது.

போலிக் காணொளி வந்தால்

"குன்னூர் மலைப்பாதையில் இப்போது மண்சரிவு" என்று ஒரு காணொளி சுற்றும், முன்பதிவுகள் ரத்தாகும். முதலில் மைல்கல்லைத் தேடுங்கள். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி சாலை தேசிய நெடுஞ்சாலை, கல்லின் தலை மஞ்சள். கோத்தகிரி சாலை மாநில நெடுஞ்சாலை, தலை பச்சை. அடுத்துப் பேருந்தின் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது, உள்ளூர் வண்டிகளில் டிஎன் 43 தெரிகிறதா என்று பாருங்கள். காணொளியின் இரண்டு மூன்று காட்சிகளைப் படமாக வெட்டி கூகுள் லென்ஸில் தேடினால் பழைய சம்பவமாக இருந்தால் பெரும்பாலும் அகப்படும்.

அந்தக் காணொளியை மறுப்போடு சேர்த்துக்கூடத் திரும்பப் பகிராதீர்கள். ஒரு காட்சியை மட்டும் படமாக எடுத்து, குறுக்கே சிவப்பில் "தவறு" என்று எழுதிப் போடுங்கள். கூடவே அதே இடத்தில் எடுத்த உங்கள் காணொளி: வெட்டாமல் 40 வினாடி, மைல்கல்லில் தொடங்கி, தேதியும் நேரமும் வாயால் சொல்லி, பின்னணி இசை இல்லாமல். இசை சேர்த்தாலே விளம்பரம் என்று எண்ணிவிடுவார்கள். நிஜமாகவே சாலை அடைபட்டிருந்தால் அதையும் இதே முறையில் நீங்களே முதலில் சொல்லுங்கள். அறை காலியாகும் என்ற பயத்தில் மறைத்த ஒரு நாள், அடுத்த பத்து மறுப்புகளைச் செல்லாததாக்கிவிடும்.

புகார் கொடுப்பதாக இருந்தால் வந்த கோப்பைத் தொடாமல் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக மறுபடி அனுப்பினால் சுருக்கப்பட்டு மாறிவிடும், "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) கேட்கப்படுகிறது. யார் அனுப்பினார், எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குறித்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

வாசகத்தால் தீராதவை

இலை விலைப் பேச்சு அப்படிப்பட்டது. "அந்தத் தொழிற்சாலை இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறதாம்" என்ற ஒரு வரி ஆயிரம் மறுப்புகளைத் தாண்டி ஓடும். மாத விலையை எப்படிக் கணக்கிட்டீர்கள், ஏலத்தில் தூள் சராசரியாக என்ன விலைக்குப் போனது, கழிவு எவ்வளவு பிடித்தீர்கள் என்று முழுக் கணக்கையும் எடைக் கொட்டகைப் பலகையில் எழுதுவதுதான் வழி. எழுதக் கூச்சமாக இருந்தால் கணக்கைத் திருத்துங்கள்.

கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை விவகாரத்தையும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001-இல் ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு ஆலை மூடப்பட்டது. 14 ஆண்டு கழித்து 2015-இல் ஒரு ராப் பாடல் காணொளி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. அதனால் பழைய புகார்களை அடைத்து வைக்காமல் தேதி, கொடுத்த பதில், செய்த வேலை என்று ஒரு கோப்பாகப் பராமரியுங்கள்.

இன்ஃப்ளூயன்சருக்கு இலவச அறை கொடுத்தால் அதுவும் பிரதிபலன்தான். 2022-இன் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்படி அதை ரீலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மீறினால் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி மீறினால் 50 லட்சம் வரை.

வருடத்துக்கு இரண்டு ஒத்திகை போதும்: தென்மேற்குப் பருவத்துக்கு முன் மே கடைசியில் ஒன்று, வடகிழக்குப் பருவத்துக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒன்று. "ஒத்திகை" என்று முதல் சொல்லாகப் போட்டு எண்ணிட்ட அறிவிப்பை அனுப்புங்கள். ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, எஸ்எம்எஸ்ஸும் ஆள் வழியும் மட்டும் வைத்து இன்னொரு முறை அனுப்புங்கள். பிறகு மிகத் தூரத்து லைன் வீட்டில் இருப்பவருக்குப் போன் செய்து, எத்தனை மணிக்குத் தெரிந்தது, யார் மூலம் தெரிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.