1993 ஹாங்காங் தேர்தல் பேச்சுவார்த்தையை எப்படிப் படிப்பது

1997இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறுவதற்கு முன்பு அங்கு நடக்கவேண்டிய தேர்தல்களைப் பற்றி, பிரிட்டனும் சீனாவும் 1993 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெய்ஜிங்கில் 17 சுற்றுகள் பேசின. அதை ஆராயப் புகுவோர் சச்சரவிலிருந்து தொடங்காமல், அதற்கு முந்தைய ஆவணங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கைமாற்றத்துக்கு இரு நாடுகளும் ஒப்பமிட்ட 1984 கூட்டுப் பிரகடனத்தில், சட்டமன்றம் தேர்தல் மூலம் அமையும் என்பதற்கு மேல் விவரம் இல்லை. 1990இல் அடிப்படைச் சட்டத்துடன் (கைமாறிய பின் ஹாங்காங்குக்கான அரசியலமைப்பாகச் சீனா இயற்றியது) வந்த தீர்மானம் சட்டமன்றத்தின் 60 இடங்களை நேரடித் தேர்தலுக்கு 20, தொழில்சார் தொகுதிகளுக்கு (தொழில், துறை வாரியாக வாக்களிக்கும் தொகுதிகள்) 30, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் குழுவுக்கு 10 எனப் பிரித்தது. ஆனால் அந்த 30 இடங்களுக்கு வாக்களிப்போர் யார் என்பதை வரையறுக்கவில்லை. ஹாங்காங்கின் பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டன் 1992 அக்டோபர் 7 அன்று முன்வைத்த திட்டம் இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. இடங்களின் எண்ணிக்கையைத் தொடாமலே, ஒன்பது புதிய தொழில்சார் தொகுதிகள் வழியாக உழைக்கும் மக்கள் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு வாக்குரிமை தர அது முனைந்தது.

அடுத்து, 1990 தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சர்கள் டக்ளஸ் ஹர்டும் (பிரிட்டன்) சியான் சிச்சென்னும் (சீனா) பரிமாறிக்கொண்ட ஏழு செய்திகளை வரிவரியாகப் படியுங்கள். தேர்தல் குழு பற்றிய சீன யோசனைக்குக் கொள்கையளவில் இசைந்த ஹர்ட், நுணுக்கங்களைப் பின்னர் பேசலாம் என்று எழுதினார். சீனா இதை உடன்பாடு என்றது. பிரிட்டன் முடிவுறாத பேச்சு என்றது. என் பார்வையில் பிரிட்டனின் வாதம் இங்கேதான் மிகவும் பலவீனமானது. அதனால் இப்பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

தேர்தல் நாட்காட்டியையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 1994 செப்டம்பரில் மாவட்டக் குழுத் தேர்தலும், 1995 செப்டம்பரில் சட்டமன்றத் தேர்தலும் நடத்த வேண்டியிருந்ததால், அவற்றுக்கான சட்டங்களைக் காலத்தோடு இயற்றியாக வேண்டும் என்ற நெருக்கடி பிரிட்டனுக்கு இருந்தது. 1995இல் தேர்வானவர்கள் 1997 ஜூலை 1க்குப் பின்னும் பதவியில் தொடர்வார்களா என்பதே சீனாவின் கையிலிருந்த பிடி. அவர்கள் தொடர மாட்டார்கள் என்றே 1994 ஆகஸ்டில் சீனா தீர்மானித்தது.

பேச்சு முறிந்தபின் இரு அரசுகளும் பேச்சில் நடந்தது பற்றிய தத்தம் விவரத்தை வெளியிட்டன, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆனால் ஹாங்காங் மக்கள் அந்த மேசையில் தனித்தரப்பாக அமரவில்லை என்பதை மறக்கலாகாது. அவர்களுடைய உறுப்பினர்களின் குரல் 1994 ஜூன் இறுதியில் நடந்த சட்டமன்ற விவாதத்தில்தான் கேட்கிறது. பேட்டனின் திட்டத்தைச் சுருக்க ஹாங்காங்கின் வணிகத் தரப்பைச் சார்ந்த லிபரல் கட்சி கொண்டுவந்த திருத்தம், அன்று 28க்கு 29 என ஒரே வாக்கில் தோற்றது.