சனிக்கிழமை ஓடும், கரண்ட் போனால் நிற்கும்

கடலூரில் ஒரு நர்சிங் ஹோம் ஜெனரேட்டர் என் பொறுப்பு. 2011-ல் தானே புயலைப் பார்த்த ஊர், ஜெனரேட்டர் இல்லாமல் ஆகாது. சனிக்கிழமைதோறும் லோடு கொடுக்காமல், அதாவது லைட், ஏசி எதையும் அதில் ஓடவிடாமல், பத்து நிமிஷம் ஓட்டி, நோட்டில் ‘ஓகே’ எழுதிவிடுவேன்.

போன ஐப்பசி மழையில் கரண்ட் போனது. ஸ்டார்ட் ஆகி, லோடு ஏறியதும் திணறி நின்றுவிட்டது. நல்லவேளை, ஐசியூவை யுபிஎஸ் தாங்கியது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்தால் டீசலுக்கு முன்னால் தண்ணீர்! டேங்க் பாதி காலியாகவே கிடந்ததில் உள்ளே வேர்த்த ஈரம். சும்மா ஓடும்போது ஃபில்டர் அடைப்பு தெரியாது. லோடு ஏறினால்தான் டீசல் போதாமல் மூச்சு முட்டும்.

அடித்தண்ணீரை வடித்து, ஃபில்டர் மாற்றி, குழாயில் புகுந்த காற்று வெளியேறி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பு அடித்தேன். இப்போது டேங்க் எப்போதும் ஃபுல். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து 30 நிமிஷம் நிஜ லோடு, திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாமல். ஏசி அணையுது என்று டாக்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.