அமெரிக்க ஹைஸ்கூலில் ஹானர்ஸ் இங்கிலீஷ்: பிள்ளையைச் சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளியில் பெயர் பதியப் போகும் அன்றே கவுன்சலர், அதாவது பாடத் தேர்வுக்கு உதவும் பள்ளி ஆலோசகர், கேட்பார்: இங்கிலீஷ் ரெகுலரா, ஹானர்ஸா? ஊரில் ஆங்கில மீடியத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை என்பதால் பலரும் யோசிக்காமல் ஹானர்ஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லலாம், தவறில்லை. ஆனால் அந்தத் தொண்ணூறு எதை அளந்ததோ, இந்த வகுப்பு அதை அளப்பதில்லை.

ஹானர்ஸ் என்பது பள்ளியோ, அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்ட்டோ வகுக்கும் பாடம். வாசிப்பு கூடுதல், வேகம் கூடுதல், எழுதுவது மிகக் கூடுதல். ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) எனப்படும் கல்லூரித் தரத்து வகுப்பு வேறு. அது காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பின் பாடம், மே மாதத்தில் பொதுத் தேர்வு உண்டு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. பெரும்பாலான பள்ளிகளில் ஏபி லாங்குவேஜ் 11ஆம் வகுப்பிலும் ஏபி லிட்டரேச்சர் 12ஆம் வகுப்பிலும் வரும். 9, 10இல் எடுக்கும் ஹானர்ஸ் அதற்கான பயிற்சிக்களம்.

ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி, எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை உங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் கோர்ஸ் கேட்டலாகில் (பாடப் பட்டியலில்) பாருங்கள், அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சில இடங்களில் ஹானர்ஸில் வாங்கும் ஏ-க்கு 4.5, சில இடங்களில் 5, சில இடங்களில் ரெகுலரைப் போலவே வெறும் 4. கலிஃபோர்னியாவின் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் தங்கள் கணக்கில் 9ஆம் வகுப்பு ஹானர்ஸுக்குக் கூடுதல் புள்ளி தருவதே இல்லை.

சேரும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் ஹானர்ஸ் போய்விடும் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஒரு ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள், அவ்வளவுதான். நன்றாகச் செய்தால் அதோடு முடிந்தது. உதவி தேவை என்று வந்தாலும், அதைக் காரணம் காட்டி மட்டும் ஹானர்ஸை மறுப்பது முறையல்ல. இடம் இல்லை என்றால், எந்த அடிப்படையில் என்று கேளுங்கள்: ஆசிரியர் பரிந்துரையா, பழைய மதிப்பெண்ணா, எழுத்து மாதிரியா? பல டிஸ்ட்ரிக்ட்டுகளில் பெற்றோர் கையெழுத்திட்டுச் சேர்க்கும் வழியும் உண்டு. ரெகுலருக்கு மாறக் கடைசி நாள் எது என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறையிலேயே படிக்கப் புத்தகம் தரும் பள்ளிகள் பல. தாமதமாகச் சேரும் பிள்ளைக்கு இது தெரியாமலே முதல் வாரத்தில் அந்தப் புத்தகத்தின் மேல் தேர்வு வந்துவிடும். அதனால் பதியும் அன்றே கேளுங்கள். படிக்கும்போது ஓரத்தில் குறிப்பெழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. வரிக்கு அடியில் மஞ்சள் தீட்டினால் போதாது, ஏன் தீட்டினோம் என்று நாலு வார்த்தை எழுத வேண்டும்.

வட்டமாக உட்கார்ந்து புத்தகத்தைப் பற்றிப் பேசும் சாக்ரடிக் செமினார்தான் நம் பிள்ளைகள் பலருக்குக் கடினம். ஆசிரியர் கேட்காமல் பேசுவது மரியாதையில்லை என்று பழகியவர்கள் வாய் திறக்காமல் இருந்து மதிப்பெண்ணை இழக்கிறார்கள். முதல் நாள் இரவே பக்க எண்ணோடு இரண்டு கேள்விகள், ஒரு கருத்து எழுதி எடுத்துப்போனால் போதும், வட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால், சொல்ல நினைத்ததை வேறொருவர் சொல்லிவிடுவார்.

இனி எஸ்ஸே, அதாவது கட்டுரை. வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. 9ஆம் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ அண்ட் ஜூலியட் நாடகத்தை வைக்கும் பள்ளிகள் ஏராளம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். காதலர்களின் சாவுக்கு யார் காரணம் என்பது கேள்வி. "விதி, குடும்பப் பகை, அவசரம் ஆகிய மூன்றும் காரணம்" என்று தொடங்கி, கதையை மூன்று பத்தியில் சொல்லி முடிப்பது நம் பழக்கம். இங்கே அதற்கு சி வந்தால் ஆச்சரியமில்லை. கதை என்ன என்பது வகுப்பு ஆசிரியருக்கே தெரியும். பிள்ளை என்ன நினைக்கிறது, அதை எந்த வரியை வைத்து நிறுவுகிறது என்பதுதான் கேள்வி.

"அவசரம் காதலர்களிடம் மட்டும் இல்லை. அவர்களைத் தடுக்க வேண்டிய பெரியவர்களும் அதே அவசரத்தில் இருக்கிறார்கள்." இது மறுத்துப் பேசக்கூடிய நிலைப்பாடு. இதைத்தான் தீசிஸ் என்கிறார்கள். இனி சான்று. நிதானமாகப் போ, ஓடினால் தடுக்கி விழுவாய் என்று ரோமியோவிடம் சொல்லும் பாதிரியாரே அன்றைக்கே திருமணத்தை நடத்தி வைக்கிறார். ஜூலியட்டுக்கு வேறொருவனோடு வியாழக்கிழமை வைத்திருந்த திருமணத்தை அவள் தந்தை புதனுக்கு மாற்றுகிறார். ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் குறைந்தது இரண்டு வாக்கியம் பிள்ளையின் சொந்த விளக்கம் வர வேண்டும்: ஒரு நாள் முன்னால் தள்ளியதால் என்ன கெட்டது, அந்தச் சொல்லையே ஏன் ஷேக்ஸ்பியர் போட்டார்? விளக்கம் இல்லாத மேற்கோளுக்குப் பக்கத்தில் "ஸோ வாட்?" (அதனால் என்ன?) என்று எழுதித் திருப்பித் தருவார்கள். இலக்கியத்தைப் பற்றி எழுதும்போது நிகழ்காலத்தில் எழுத வேண்டும் என்பதும் பலருக்குப் புதிது. ரோமியோ செத்தான் அல்ல, சாகிறான்.

தாள் அமைப்பு எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறை: நான்கு பக்கமும் 1 அங்குல ஓரம், இரட்டை இடைவெளி, பெரும்பாலும் 12 அளவு எழுத்து, மேலே வலது மூலையில் கடைசிப் பெயரும் பக்க எண்ணும். இனிஷியல் போட்டுப் பழகிய பிள்ளை இங்கே பள்ளிப் பதிவேட்டில் கடைசிப் பெயர் என்று எது இருக்கிறதோ அதையே எழுத வேண்டும், அது அப்பா பெயராக இருந்தாலும் சரி. கலருக்கு நாம் போடும் 'யூ' இங்கே கிடையாது. சந்தேகம் கேட்கும்போது 'டவுட்' என்பதற்குப் பதில் 'கொஸ்சின்' என்று சொல்லப் பழக்குங்கள். இங்கே 'டவுட்' என்றால் நம்பவில்லை என்று படும்.

மிகப் பெரிய ஆபத்து மனப்பாடம். கோனார் நோட்ஸில் படித்ததை அப்படியே எழுதினால் ஊரில் முழு மதிப்பெண். இங்கே இணையத்தில் படித்த விளக்கத்தை மூலம் சொல்லாமல் எழுதினால் அது திருட்டு. பிள்ளை மனதாரத் தவறே செய்யவில்லை என்று நினைத்திருக்கும், ஆனால் சைபர் விழுந்திருக்கும். நான்கு எஸ்ஸேயில் 92 வாங்கி ஒன்றில் சைபர் என்றால் சராசரி 73.6, அதாவது ஏ-யிலிருந்து சி. ஏஐ எழுதிக் கொடுத்ததற்கும் இதே கதிதான். முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லுங்கள். படிப்படியாக எழுதிய வரலாறு அதில் பதிவாகும், சந்தேகம் வந்தால் அதைக் காட்டலாம்.

முதல் எஸ்ஸேயில் சி வந்தால் ஆசிரியருக்குப் பெற்றோர் ஈமெயில் எழுத வேண்டாம், பிள்ளை எழுதட்டும். "ஏன் மதிப்பெண் குறைந்தது" என்று கேட்காமல், "ரூப்ரிக்கில் (மதிப்பெண் அளவுகோல் அட்டவணையில்) அனாலிசிஸ் பகுதியில் 2 வந்திருக்கிறது, 3 வாங்க இந்தப் பத்தியில் எதை மாற்ற வேண்டும், வியாழன் பள்ளி முடிந்ததும் வரலாமா" என்று எழுத வேண்டும். திருத்தி மறுபடி கொடுக்க அனுமதிக்கும் ஆசிரியர்கள் பலர். அதற்கும் கெடு தேதி உண்டு, அந்த ஈமெயிலிலேயே கேட்டுவிடலாம்.