சைடு வீல் ஸ்கூட்டரின் நடுச் சக்கரத்துக்கு நீங்களே காற்று பிடிப்பது எப்படி?

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் முன் சக்கரத்துக்குக் காற்று அடிப்பார்கள். பக்கத்துச் சக்கரங்கள் இரண்டுக்கும் அடிப்பார்கள். நடுச் சக்கரம் வந்ததும் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல கை போகாது, பஞ்சர் கடையில காட்டுங்க" என்பார்கள். சைடு வீல் வண்டி வைத்திருக்கும் நம்மில் பலரும் இந்தப் பதிலை வாங்கியிருப்போம்.

மூன்று சக்கர வண்டி என்றுதான் ஊரில் சொல்கிறோம். எண்ணினால் நான்கு வரும்: முன்னால் ஒன்று, பின்னால் கம்பெனி கொடுத்த ஒன்று, அதன் இருபுறமும் பிறகு மாட்டிய இரண்டு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் கிடைக்கும் வண்டியும், பட்டறையில் சொந்தச் செலவில் பக்கத்துச் சக்கர கிட் மாட்டிய வண்டியும் பெரும்பாலும் இதே அமைப்புதான். இதில் இன்ஜின் சுற்றுவது நடுச் சக்கரத்தை மட்டும். பெரும்பாலான வண்டிகளில் பின் பிரேக்கும் அதில்தான் பிடிக்கிறது. பக்கத்துச் சக்கரங்கள் கல் மாதிரி இருந்து நடுவில் காற்று இறங்கிவிட்டால், பாரம் முழுவதும் இரு பக்கமும் போய்விடும். நடுச் சக்கரம் ரோட்டைத் தடவிக்கொண்டு ஓடும், பிடித்து ஓடாது.

இதை நான் ஒரு ஐப்பசி மழையில் தெரிந்துகொண்டேன். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் வந்தது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ் நின்று ஹாரன் அடிக்கிறது. ஊன்றுகோலோடு இறங்கித் தள்ள என்னால் முடியாது. இரண்டு பேர் வந்து தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் நடு டயரில் காற்றழுத்தம் வெறும் 11 பிஎஸ்ஐ. பத்து நாள் முன்புதான் ஒரு பங்க்கில் "எல்லா வீலுக்கும் அடிச்சாச்சு" என்று அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குப் பிறகு இந்தச் சக்கரத்துக்கு நானேதான் காற்று பிடிக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

முக்கியமானது ஒன்றுதான்: வளையும் வால்வு எக்ஸ்டென்ஷன். லாரியின் இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருக்கும் டயருக்குப் போடுவார்களே, அந்த வகை. ஒரு சாண் நீளம், மேலே கம்பி பின்னிய ரப்பர் குழாய். ஒரு முனையை டயர் வால்வில் திருக வேண்டும். மறுமுனை இன்னொரு வால்வாக வெளியே வந்து நிற்கும். வாங்கும்போது திருகும் முனைக்குள் பாருங்கள். நடுவில் சின்ன முள்ளும், அதைச் சுற்றி ரப்பர் வாஷரும் இருக்க வேண்டும். அந்த முள்தான் டயர் வால்வுக்குள் இருக்கும் ஊசியை (பஞ்சர் கடையில் 'பின்' என்பார்கள்) அழுத்தித் திறக்கிறது. வாஷர் இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும்.

எல் வடிவப் பித்தளை அடாப்டர் இதைவிட மலிவு. ரிம்முக்கும் பக்கத்துச் சக்கரத்தின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற வண்டிக்கு அதுவே போதும். என் வண்டியில் இரண்டு விரல்தான் நுழையும், அதனால் வளையும் குழாய்.

காற்று அடிக்க, சார்ஜ் செய்து கையில் எடுத்துப் போகும் சிறிய பம்ப். வேண்டிய அளவை வைத்துவிட்டால் தானே நின்றுவிடும். கால் பம்ப் நம்மில் பலருக்கு ஆகாது, நின்றுகொண்டு அடிக்கும் கை பம்ப்பும் அப்படியே. காருக்கு விற்கும் 12 வோல்ட் பம்ப்பை ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டிவிடாதீர்கள். அது 10 ஆம்பியர் வரைகூட இழுக்கும். ஸ்கூட்டர் பேட்டரியோ 3 முதல் 5 ஆம்பியர் ஹவர்தான். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

தனியாக ஒரு காற்று கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப்பின் திரையை மட்டும் நம்ப வேண்டாம். இவற்றோடு ஒரு சாக்பீஸ், உட்கார மனைப்பலகை.

வேலையை ஆரம்பிக்கலாம்

காலையில், வண்டியை எடுக்கும் முன் செய்யுங்கள். ஓடி வந்த டயரில் காற்று சூடேறி அளவு கூடுதலாகக் காட்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சைலன்சர். ஆக்டிவா போன்ற வண்டிகளில் இடப்பக்கம் இன்ஜின் பெட்டி மறைத்துக்கொள்ளும். வால்வு வலப்பக்கம், சைலன்சருக்குப் பின்னால்தான் இருக்கும். நீங்கள் கை விடப்போவது அதை ஒட்டித்தான். முதுகுத் தண்டுவடக் காயத்தால் காலில் உணர்ச்சி இல்லாத நண்பர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். சூடான சைலன்சரில் கால் பட்டுக்கொண்டே இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் கண்ணில் படும். வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல் வையுங்கள்.

அடுத்து வால்வைத் தேடுவது. குனிந்து பார்க்கத் தேவையில்லை. போனில் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்தபடி சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டினால் வால்வு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அது சைலன்சருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், செங்கலை எடுத்து வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, வால்வு பின்பக்கம் வந்ததும் மறுபடி செங்கல் வையுங்கள். ஒருமுறை கண்டுபிடித்ததும், வால்வுக்கு நேராக டயரின் ஓரத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். அடுத்த முறை பின்னால் இருந்து பொட்டைப் பார்த்தாலே போதும், தேடல் மிச்சம்.

மனையில் உட்கார்ந்து வால்வு மூடியைக் கழற்றுங்கள். எக்ஸ்டென்ஷனைத் திருகும் இந்த இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். குழாயைப் பிடித்துத் திருகாதீர்கள், அது முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். முனையில் இருக்கும் பித்தளைத் தலையை இரண்டு விரலால் பிடித்து, முதல் சுற்றை மெதுவாக, மரை சரியாக உட்காருகிறதா என்று உணர்ந்து திருகுங்கள். இறுக்கமாக இருந்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். பின்னால் சுற்றி மறுபடி ஆரம்பியுங்கள். மூன்று நான்கு சுற்று போனதும் "புஸ்" என்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். முள் வால்வைத் திறக்கிறது. இன்னும் அரைச் சுற்று கொடுத்தால் சத்தம் நின்றுவிடும். டியூப் போட்ட டயராக இருந்தால் வால்வைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், அடியில் கிழிந்துவிடும்.

இப்போது வெளியே நிற்கும் முனையில் கேஜை வைத்து அளவைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும்? கம்பெனி புத்தகம்தான் கணக்கு. ஆக்டிவாவுக்கு முன் சக்கரத்தில் 22, நடுச் சக்கரத்தில் தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் இருந்தால் 36 பிஎஸ்ஐ. பக்கத்துச் சக்கரங்களுக்கு கிட் மாட்டியவரிடம் கேட்டு சீட்டுக்கு அடியில் எழுதி ஒட்டுங்கள். அவை இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பம்ப்பை மாட்டி, வேண்டியதைவிட 1 பிஎஸ்ஐ கூட வைத்து ஓடவிடுங்கள். எக்ஸ்டென்ஷனைக் கழற்றும்போது அவ்வளவு போய்விடும். பத்து அங்குல டயரில் இருக்கும் காற்றே கொஞ்சம், அதனால் திரும்பத் திரும்ப அளந்தாலும் இறங்கிக்கொண்டே வரும். பம்ப் நின்றதும் அதன் உலோக முனை சூடாக இருக்கும், துணியால் பிடித்துக் கழற்றுங்கள். பிறகு எக்ஸ்டென்ஷனையும் தயங்காமல் சட்டென்று கழற்றிவிடுங்கள். அதை மாட்டியபடியே வண்டி ஓட்டக் கூடாது. சக்கரம் சுற்றும்போது குழாய் வீசியடித்து வால்வின் அடி ரப்பரைப் பிளந்துவிடும்.

பக்கத்துச் சக்கரங்களுக்கும் அடித்து முடித்ததும் ஒரு சோதனை. நடு டயரின் மேல்புறத்தில் அகலவாக்கில் சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, சிமென்ட் தரையில் வண்டியை ஒரு சுற்று தள்ளச் சொல்லுங்கள். கோடு தரையில் அழுத்தமாகப் பதிந்தால் நடுச் சக்கரம் பாரம் வாங்குகிறது. லேசாக, அல்லது துண்டு துண்டாகப் பதிந்தால் காற்று அளவை மறுபடி பாருங்கள். அளவு சரியாக இருந்தும் பதியவில்லை என்றால் பக்கத்துச் சக்கரங்களின் உயரம்தான் தப்பு. கிட் மாட்டிய பட்டறையில் காட்ட வேண்டியதுதான்.

மூடியைப் போடும் முன் வால்வின் நுனியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வரவில்லை என்றால் மூடிவிடலாம். இரண்டு நாள் கழித்து இதே காலை நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருந்தால், பஞ்சர் கடையில் முதலில் வால்வு பின்னை மாற்றச் சொல்லுங்கள், டயரைக் கழற்றுவதைப் பிறகு பார்க்கலாம்.