குத்தகை பேசும் முன் போட வேண்டிய கணக்கு

18 ஆண்டுகளாகப் பிறர் நிலத்தில்தான் பயிர் செய்கிறேன். குத்தகை (விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுப்பது), வாரம் (விளைச்சலை நிலக்காரரோடு பங்கிடுவது), ஒத்தி (ஒரு தொகையைக் கொடுத்துவைத்து, அது திரும்பி வரும்வரை நிலத்தை உழுவது) என மூன்று வகையிலும் உழுதிருக்கிறேன். புதிதாக நிலம் பிடிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். செலவை யார் போடுவது, விளையாத ஆண்டை யார் தாங்குவது, நிலம் எத்தனை ஆண்டு உங்கள் கையில் இருக்கும் என்பதை முதலில் கேளுங்கள். லாபம் அங்கேதான் இருக்கிறது.

கணக்கை மூட்டையில் போடுங்கள். செலவையும் அன்றைய விலைக்கு மூட்டையாக மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே அளவில் வந்துவிடும். ஏக்கருக்கு 30 மூட்டை விளைகிறது, செலவு 14 மூட்டை, குத்தகை 8 மூட்டை என்று வையுங்கள். உங்களுக்கு மிஞ்சுவது 8. அதே நிலம் பாதி வாரத்தில், செலவும் பாதிப் பாதி என்றால், 15இல் 7 போக அப்போதும் 8தான். இரண்டும் ஒன்று போலத் தெரியும். விளைச்சல் 20க்கு இறங்கட்டும்: குத்தகைக்காரருக்கு 2 மூட்டை கடன், வாரதாரருக்கு 3 மூட்டை மிச்சம். 36க்கு ஏறினால் குத்தகைக்காரருக்கு 14, வாரதாரருக்கு 11. கையில் சேமிப்பு இல்லாதவர் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வாரத்தில் போவதே நல்லது என்று சொல்வேன். ஒரு மோசமான ஆண்டின் கடனை அடைக்க மூன்று நல்ல ஆண்டுகள் போய்விடும்.

ஆனால் பாதி வாரம், செலவு முழுவதும் உழுபவர் தலையில் என்ற ஏற்பாட்டுக்குள் கால் வைக்காதீர்கள். மேலே சொன்ன 30 மூட்டை ஆண்டில் உங்களுக்கு மிஞ்சுவது 1 மூட்டை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. இன்னொரு களையெடுப்புக்கு ஒன்றரை மூட்டை செலவாகி, இரண்டரை மூட்டை கூடுதலாக விளையும் என்றால் எடுக்கத்தான் வேண்டும். உங்கள் பங்கு ஒன்றேகால் மூட்டைதான் என்னும்போது, எடுத்தால் நட்டம். களை நிற்கும், நிலக்காரருக்கும் விளைச்சல் குறையும். செலவைப் பகிர்ந்துகொள்வது அவருக்கும் ஆதாயம் என்பதை இந்தக் கணக்கைக் காட்டியே பேசுங்கள். மேற்கு வங்கத்தின் சட்டம் இதைத்தான் பிடித்தது: நிலக்காரர் ஏர், மாடு, எரு, விதை கொடுத்தால் பாதிப் பாதி, கொடுக்காவிட்டால் உழுபவருக்கு 75 விழுக்காடு. 1978இல் அங்கே வாரதாரர்களைப் பெயர் பெயராகப் பதிவு செய்து, நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்தார்கள். விளைச்சல் கூடியதில் அதற்கும் பங்கு உண்டு என்று பின்னாளில் ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டார்கள்.

இனி ஆண்டுக் கணக்கு. நான் அதிகம் இழந்தது இதில்தான். ஓராண்டுக் குத்தகையில் எடுத்த ஒரு வயலில் 12 வண்டி தொழு உரம் கொட்டினேன். மண் இறுகிக் கிடந்தது, பார்க்கப் பொறுக்கவில்லை. எரு ஒரே ஆண்டில் தன் பலன் முழுவதையும் தந்துவிடாது. அடுத்த ஆண்டு நிலம் வேறொருவர் கைக்குப் போனது. வரப்பில் நின்று பார்த்தேன். எரு கொட்டிய பாதி கரும்பச்சையாக நின்றது, வண்டி போகாத மூலை வெளிறிக் கிடந்தது. மண்ணைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தப் பச்சை என் செலவு.

எரு செலவு 4 மூட்டை, அதன் பலன் மூன்று ஆண்டுகளில் 2, 2, 1 என்று வைத்துப் பாருங்கள். ஓராண்டுக்காரருக்கு 2 மூட்டை நட்டம், மூன்றாண்டுக்காரருக்கு 1 மூட்டை லாபம். வடிகால் வெட்டுவது, மேடு பள்ளம் திருத்துவது, மரம் வைப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஆகவே மூன்று ஆண்டு உறுதியாகக் கிடைக்கும் என்றால் குத்தகையில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து அரை மூட்டை கூட்டிக்கொடுக்கவும் தயங்காதீர்கள். ஓராண்டுதான் என்றால், அந்த ஆண்டிலேயே திரும்பி வரும் செலவை மட்டும் செய்யுங்கள். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, மண் கெடுவது இப்படித்தான்.

குத்தகையை எப்போது கொடுப்பது என்பதும் பணம்தான். 8 மூட்டையை அறுவடைக்கு 6 மாதம் முன்னதாக, மாதம் நூற்றுக்கு 2 வட்டியில் கடன் வாங்கிக் கொடுத்தால் ஏறக்குறைய 1 மூட்டை வட்டிக்கே போய்விடும். ஒத்தியில் வாடகை கிடையாது, ஆனால் முடங்கிய தொகையின் வட்டிதான் உங்கள் வாடகை. சொந்த நிலத்துக்காரரும், அதைக் குத்தகைக்கு விட்டால் வரக்கூடியதைச் செலவில் எழுதிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உழைப்புக்குக் கிடைத்தது எது, நிலத்துக்குக் கிடைத்தது எது என்று தெரியாது.

எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள்: காலம், தவணை நாள், மோட்டார் பழுது யார் பொறுப்பு, வைக்கோல் யாருக்கு, பயிர் நட்டத்துக்கு நிவாரணம் வந்தால் யாருக்கு. இடையில் நிலத்தைத் திருப்பிக் கேட்டால், தீராத எருவுக்கும் வேலைக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். இங்கிலாந்தில் 1875இல் சட்டம் இந்த ஈட்டை ஏற்றது. ஒப்பந்தத்தில் அதை விலக்கிவிடலாம் என்ற ஓட்டை இருந்ததால் 1883இல் கட்டாயமாக்கினார்கள். நான் இப்போது எரு கொட்டும் அன்றே வண்டி எண்ணிக்கையை எழுதி, நிலக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.